நான் தொழில் சொல்லிக்கொடுத்த பையன் இப்போது எனக்கு மேனேஜர். உங்கள் இடத்தில் எப்படி?

திருநகர்க்காரி:

எங்கள் கம்பெனி கப்பலூர் பக்கம். வண்டிகளுக்குப் போகிற ஆயில் சீல், கேஸ்கெட் மாதிரி ரப்பர் சாமான்கள் செய்கிற இடம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து 2013-ல் குவாலிட்டி லேபில் சேர்ந்தேன். போன வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவுக்கு உதவி மேனேஜர் போட்டார்கள். எனக்கு இல்லை. 2018-ல் டிரெய்னியாக வந்த பையனுக்கு. ரப்பரின் கடினம் பார்க்கிற மீட்டரைச் சாய்க்காமல் நேராக எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நல்ல பையன், வேலையும் தெரியும், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. "அக்கா, எனக்கே சங்கடமா இருக்கு" என்று அவனே வந்து சொன்னான்.

ஜி.எம்.மிடம் நேராகப் போய்க் கேட்டேன். "உங்க வேலையில குறையே கிடையாதும்மா. ஆனா இது ராத்திரி பகல் பாக்காம ஓட வேண்டிய போஸ்ட். உங்களுக்குப் புள்ளைங்க சின்னது. உங்க நல்லதுக்குத்தான் யோசிச்சோம்" என்றார். என் மூத்தவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அதைக்கூட யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ராத்திரி என்றாரே, அதைச் சொல்கிறேன். 2022 தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி ஒன்றரை மணிக்கு போன் வந்தது. ஒரு லாட் முழுக்க சரியாக வேகவில்லை, காலையில் லாரி ஏற்ற வேண்டும். வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். நானும் இரண்டு டிரிம்மிங் பிள்ளைகளும் உட்கார்ந்து ஒவ்வொரு சீலாக மடக்கிப் பார்த்துப் பிரித்தோம். மடக்கின இடம் விட்டதும் நிமிர்ந்தால் நல்லது, மடிப்பு அப்படியே நின்றால் உள்ளே வேகவில்லை. விடியும்போதுதான் பிடிபட்டது, நாலாம் நம்பர் பிரஸ்ஸில் கீழ்த்தட்டின் ஒரு ஹீட்டர் செத்துப் போயிருந்தது. அதற்கான 8டி ரிப்போர்ட்டை, அதாவது என்ன தப்பு, எதனால், இனி வராமல் இருக்க என்ன செய்தோம் என்று கஸ்டமருக்குக் கொடுப்பதை, முழுக்க நான் எழுதினேன். ஓசூருக்குப் போய் அதைக் கஸ்டமர் முன்னால் வைத்துப் பேசியது அந்தப் பையன். "லேடீஸை அவ்வளவு தூரம் தனியா எப்படி அனுப்புறது" என்றார்கள். அன்றிலிருந்து கஸ்டமர் அவனுக்குத்தான் போன் செய்கிறார். இந்த வருஷ அப்ரைசலில் "கஸ்டமரோடு தொடர்பு" என்ற கட்டத்தில் அவனுக்கு ஐந்துக்கு நாலு, எனக்கு ஐந்துக்கு இரண்டு.

என் வயிற்றெரிச்சல் அந்தக் கட்டத்தின் மேல்தான். ஓசூருக்கு என்னை அனுப்ப மாட்டேன் என்று சொன்னவரே, நீ ஓசூர் போனதில்லை என்று எனக்கு மார்க் குறைத்திருக்கிறார். மற்றவர்கள் ஆபீஸில், மில்லில், பேங்கில் எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும், எழுதுங்கள்.

மேலூர் அண்ணன்:

தங்கச்சி, கோபப்படாமல் படிக்கவும். ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது புரொடக்‌ஷன் பொறுப்பு. பிரமோஷன் கமிட்டியில் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரும் "பொம்பளை வேண்டாம்" என்று சொல்வதில்லை, நான் சத்தியமாகச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு மிஷின் நின்றால் யார் ஓடி வருவார், ஆள் வராவிட்டால் யார் டபுள் டியூட்டி பார்ப்பார் என்றுதான் பேச்சு வரும். பதில் தானாக ஒரு பக்கம் போய்விடும். எங்கள் மில்லில் ஒரு பெண்ணுக்கு ஸ்டோர்ஸ் பொறுப்பு கொடுத்துப் பார்த்தோம், ஆறு மாதத்தில் அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாங்களும் மனுஷர்கள்தான், சரக்கு போகாவிட்டால் எங்கள் தலைதான் உருளும்.

திருநகர்க்காரி:

அண்ணே, அவர் ஏன் வேண்டாம் என்று எழுதினார்? கேட்டீர்களா?

மேலூர் அண்ணன்:

கேட்டோம். இரண்டாம் ஷிப்ட் 10 மணிக்கு முடியும், ஸ்டோர்ஸ் கணக்கு முடிக்க 11 ஆகும். கம்பெனி வேன் 10.15-க்குக் கிளம்பிவிடும். அவருக்கு வீடு கொட்டாம்பட்டிப் பக்கம்.

வில்லாபுரம் அக்கா:

வேனை 11 மணிக்கு எடுத்திருந்தால் முடிந்தது அண்ணே. ஒரு வேன் நேரத்தை மாற்றாமல் ஒரு பெண்ணையே மாற்றியிருக்கிறீர்கள்.

சிம்மக்கல் அம்மா:

நான் தேசியமயமான வங்கி ஒன்றில் 1984-ல் கிளார்க்காகச் சேர்ந்து ஓய்வு பெற்றவள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஆகவே பயமில்லாமல் எழுதலாம்.

1993-ல் ஆபீசர் பிரமோஷன் பரீட்சை எழுதி பாஸ் செய்தேன். எங்கள் கிளையிலிருந்து மூன்று பேர் பாஸ், இரண்டு ஆண்கள், நான் ஒருத்தி. ரிசல்ட் வந்த மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு தாள் இருந்தது. "குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்பதவி உயர்வை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்" என்று ஆங்கிலத்தில் டைப் அடித்து, பெயர் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். அடியில் கார்பன் வைத்து இரண்டு பிரதி. "போஸ்டிங் வடக்கே எங்கயாச்சும் போடுவாங்கம்மா, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நீங்க எங்க போவீங்க, யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். நல்ல மனுஷர்தான், என் மகள் காது குத்துக்கு வந்து மொய் எழுதியவர். ஆனால் அந்த இரண்டு ஆண்களுக்கு அப்படி ஒரு தாள் அவர் டைப் அடிக்கவில்லை. அதில் ஒருவருக்கு என்னைவிடச் சின்னக் குழந்தை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டில்கூடக் கேட்கவில்லை. சாயங்காலம் போய்ச் சொன்னதும் என் கணவர், "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, எங்கம்மாவக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்றார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அப்புறம் சில வருஷத்துக்குப் பரீட்சையே எழுத முடியாது. அந்தக் கார்பன் பிரதி இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அரசு வங்கிகளில் வேலை பார்க்கும் பெண்களை, கணவர் இருக்கும் ஊருக்கோ பெற்றோர் இருக்கும் ஊருக்கோ முடிந்தவரை அருகில் போடுங்கள் என்று 2014-ல் மத்திய அரசு சொன்னது. 2013 அக்டோபரில்தான் ஸ்டேட் வங்கிக்கு முதல் பெண் தலைவராக அருந்ததி பட்டாச்சார்யா வந்தார். எங்கள் தலைமுறைக்கு இரண்டும் தாமதம். எத்தனையோ பேர் தாளில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தோம். "பெண்கள் தாங்களாகவே வேண்டாம் என்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த டைப் அடித்த தாள்தான் கண்ணில் வரும்.

உசிலைத் தம்பி:

எல்லாம் சரி, ஆனால் எங்கள் ஆபீஸில் டீம் லீட் போஸ்டுக்கு விண்ணப்பம் கேட்டபோது ஒரு பெண்கூடக் கொடுக்கவில்லையே. கேட்காதவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

வில்லாபுரம் அக்கா:

தம்பி, நான் கேட்டு வாங்கினவள். வாங்கின பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். துணி எக்ஸ்போர்ட் யூனிட்டில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஃப்ளோர் இன்சார்ஜ் ஆனேன். மூன்றாம் நாள் கேன்டீனில் நான் தட்டோடு போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. என்ன பேச்சு என்று பாத்திரம் கழுவும் அம்மாதான் அப்புறம் சொன்னார்கள். எனக்கும் மேனேஜருக்கும் இல்லாத உறவு ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். அந்த மேனேஜர் என் அப்பா வயது. என்னோடு விண்ணப்பம் கொடுத்த ஆண் ஒருவருக்கும் அதே மாதம் பக்கத்து ஃப்ளோர் கிடைத்தது, அவருக்கு யார் எதைக் கட்டினார்கள்? ஒரு வருஷம் நான் மேனேஜர் ரூமுக்குப் போகும்போதெல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினேன், அதனால் பல விஷயங்களை மனம் விட்டுப் பேச முடியாமலே போனது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஜூனியர் பிள்ளைகள் அடுத்த தடவை விண்ணப்பம் கொடுப்பார்களா? உங்கள் ஆபீஸிலும் அந்தப் பெண்கள் எதையாவது பார்த்திருப்பார்கள். என்னவென்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், இங்கே எங்களிடம் கேட்பதைவிட அது நல்லது.

காமர்ஸ் வாத்தியார்:

திருநகர்க்காரி சொன்ன மார்க் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் முக்கியம். அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை விற்பனைக் கம்பெனியின் பதிவுகளை ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ என்று மூன்று ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு மார்க். செய்து முடித்த வேலைக்கு ஒன்று, "இனிமேல் எவ்வளவு வளர்வார்" என்பதற்கு இன்னொன்று. செய்த வேலையில் பெண்களுக்குச் சராசரியாக ஆண்களைவிடக் கூடுதல். வளர்வார் என்ற மார்க்கில் குறைவு. பிரமோஷனில் வந்த இடைவெளியில் பெரிய பங்கு இந்த இரண்டாவது மார்க்கால் வந்தது. அந்தப் பெண்கள் அடுத்த வருஷம் கணித்ததைவிட நன்றாகச் செய்து காட்டிய பிறகும் மறுபடி அந்த மார்க் குறைவாகவே போடப்பட்டது. முதல் மார்க் கண்ணால் பார்த்துப் போடுவது, இரண்டாவது மனசில் நினைத்துப் போடுவது. நம் ஊர் அப்ரைசல் ஃபாரத்தில் "லீடர்ஷிப்", "கஸ்டமரோடு தொடர்பு" என்று வருகிற கட்டங்கள் எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது சாதிதான்.

ஒத்தக்கடை வக்கீல்:

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் தனியாகக் கேட்டார்கள், பொதுவில் எழுதிவிடுகிறேன்.

அரசு வேலை என்றால் அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு நேராகவே பேசும், பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது. 1979-ல் சி.பி. முத்தம்மா வழக்கு. அவர் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். பதவி உயர்வு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் போனார். அந்தப் பணியின் விதிப்படி ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்கும் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். குடும்பப் பொறுப்பு ஆணுக்கும் உண்டுதானே என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. திருநகர் சகோதரியின் ஜி.எம். சொன்ன "புள்ளைங்க சின்னது" என்ற பேச்சுக்கு வயது நாற்பதுக்கு மேல்.

ஆனால் உங்கள் கதைக்கு நெருக்கமானது 2021 மார்ச்சில் வந்த நிதிஷா வழக்குத் தீர்ப்பு. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தர வேண்டும் என்று 2020-ல் தீர்ப்பு வந்துவிட்டது. அப்புறம் தேர்வு நடந்தபோது, பல வருஷத்துக்கு முன்னால் எழுதின சி.ஆர்.களை, அதாவது வேலையைப் பற்றி மேலதிகாரி எழுதும் ரகசிய அறிக்கைகளை, எடுத்து மார்க் போட்டார்கள். அந்த சி.ஆர்.கள் எழுதப்பட்ட காலத்தில் இவர்களுக்கு நிரந்தரப் பணியே கிடையாது, ஆகவே மேலதிகாரிகள் அக்கறையில்லாமல் எழுதினார்கள், பெரிய பயிற்சிகளுக்கும் இவர்கள் விண்ணப்பிக்க ஊக்கமில்லை. அதையே அளவுகோலாக வைத்தால், விதி எல்லோருக்கும் ஒன்று போலத் தெரிந்தாலும் அடி பெண்கள் மேல்தான் விழும் என்று நீதிமன்றம் சொன்னது. மறைமுகப் பாகுபாடு என்பது இதுதான். ஓசூருக்கு அனுப்பாமல் ஓசூர் போகவில்லை என்று மார்க் குறைப்பது இந்த வகை.

தனியார் என்றால் வழி குறுகல், ஆசை காட்ட மாட்டேன். 1976-ன் சம ஊதியச் சட்டத்தில் 1987-ல் ஒரு திருத்தம் செய்து, பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றிலும் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகச் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதில் வேலைக்கு எடுப்பதிலும் பணி நிபந்தனைகளிலும் பாகுபாடு கூடாது என்று இருக்கிறது, ஆனால் பதவி உயர்வு, பயிற்சி என்ற வார்த்தைகள் பெயர் சொல்லி வரவில்லை. கையில் இருந்த தெளிவான வார்த்தையை விட்டுவிட்டோம், என் வருத்தம் அது. தொழில் தகராறு என்று போகலாமா என்றால், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் சட்டப்படி தொழிலாளி இல்லை, ஆகவே அந்த வழி அவருக்கு அடைபட்டது.

ராத்திரி வேலையைக் காரணம் காட்டுவோருக்கு ஒரு செய்தி. பெண்கள் இரவு 7 முதல் காலை 6 வரை ஆலையில் கூடாது என்ற பழைய தடையை நம் சென்னை உயர் நீதிமன்றமே 2000 டிசம்பரில் வசந்தா என்பவர் வழக்கில் செல்லாது என்றது. பாதுகாப்பும் போக்குவரத்தும் ஏற்பாடு செய்ய வேண்டியது நிர்வாகத்தின் கடமை. மேலூர் அண்ணனின் 10.15 வேன் இதில்தான் வரும்.

தெற்குமாசி வீதி:

வக்கீல் சார், ஐ.சி.சி. கமிட்டியில் கொடுக்கலாமா?

ஒத்தக்கடை வக்கீல்:

அது 2013 சட்டப்படி பாலியல் தொல்லைக்கான கமிட்டி. பிரமோஷன் தருகிறேன் என்று ஆசை காட்டியோ, தர மாட்டேன் என்று மிரட்டியோ தொல்லை செய்திருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், மூன்று மாதத்துக்குள். வெறும் பிரமோஷன் மறுப்பு அங்கே வராது. தனியாரில் முதல் வேலை, எழுத்தில் கேளுங்கள். "என் அப்ரைசல் மார்க்கும் தேர்வு அளவுகோலும் தெரிய வேண்டும்" என்று மரியாதையாக இரண்டு வரி மெயில் போதும். அரசு ஊழியர்கள் இன்னும் தைரியமாகக் கேட்கலாம், சி.ஆரில் எழுதின ஒவ்வொரு குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-ல் தேவ் தத் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கலெக்டர் ஆபீஸ் தோழி:

அரசு வேலையில் சீனியாரிட்டி பேனல் இருப்பதால் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று வெளியே நினைக்கிறார்கள். பாதி உண்மை. தமிழ்நாட்டில் வேலைக்கு எடுக்கும்போது பெண்களுக்கு 30 சதவீதம் 1989-லிருந்து, இப்போது 40. அது நேரடி நியமனத்துக்குத்தான். என்னோடு சேர்ந்த ஒருத்தி தகுதிகாண் பருவத்தில் பிரசவ விடுப்பு எடுத்தாள், அந்த விடுப்பை 2021 ஜூலையிலிருந்து அரசு ஒரு வருஷமாக ஆக்கியிருந்தது. அந்த ஒரு வருஷம் கணக்கில் வராமல் தகுதிகாண் பருவம் தள்ளிப்போனது, அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போனார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, கணக்கு மட்டும்தான். 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டசபையில் அந்த விடுப்புக் காலத்தையும் தகுதிகாண் பருவத்தில் சேர்ப்பதாக அறிவித்தபோது அவள் எனக்கு போன் செய்து அழுதாள். சந்தோஷத்தில்தான், ஆனால் தனக்கு நாள் கடந்துவிட்டது என்றும் சொன்னாள்.

பழங்காநத்தம்:

நான் ஒரு கணவனாக எழுதுகிறேன். என் மனைவிக்குப் போன வருஷம் பத்து நாள் டிரெய்னிங் சென்னையில் வந்தது. நான் போகாதே என்று சொல்லவில்லை. "புள்ளைக்கு யார் டிபன் கட்டுவா" என்று மட்டும் கேட்டேன். அவள் மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிம்மக்கல் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, டைப் அடித்த தாளை நானும் நீட்டியிருக்கிறேன் என்று தெரிகிறது. ராத்திரி அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்து "அடுத்த பேட்ச் ஜூன்ல இருக்கு" என்றாள்.

மேலூர் அண்ணன்:

இரண்டு நாளாக எழுதவில்லை. பழைய டியூட்டி ரிஜிஸ்தரை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்சார்ஜ் லீவில் போனால் பொறுப்பு யாருக்குக் கொடுத்தோம் என்று எண்ணினேன். இரண்டு வருஷத்தில் பதினாலு தடவை. பதினாலும் ஆண்கள், பத்து இடத்தில் என் கையெழுத்து. பெண்கள் யாரும் மறுத்ததாக ஒரு வரிகூட இல்லை, கேட்டதாகவே இல்லை. கமிட்டியில் "இவருக்குப் பொறுப்பு பார்த்த அனுபவம் இருக்கிறது" என்று நான்தான் பேசினேன், அந்த அனுபவத்தைக் கொடுத்ததும் நான்தான்.

ஒரு விஷயத்தில் இன்னும் என் கருத்து மாறவில்லை. ராத்திரி வேன் இல்லாமல் ஒரு பெண்ணுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுப்பது தப்பு, அவருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது. முதலில் வேன். திங்கட்கிழமை அதைப் பேசுகிறேன்.

திருநகர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் அண்ணன் சொன்ன மாதிரி மெயில் போட்டேன், மார்க்கும் அளவுகோலும் கேட்டு. நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் எச்.ஆர். கூப்பிட்டு "எதுக்கும்மா எழுத்துல எல்லாம், வாயால கேட்டா சொல்ல மாட்டோமா" என்றார்கள். எழுத்திலேயே வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு வரி வந்தது: கஸ்டமரோடு நேரடித் தொடர்பு போதாது. அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியானால் அடுத்த ஓசூர் ஆடிட்டுக்கு என்னை அனுப்புங்கள் என்று அதே மெயிலுக்குப் பதில் போட்டேன். மறுக்க வழியில்லை.

பிரமோஷன் போனது போனதுதான், அடுத்தது எப்போது என்று யாரும் சொல்லவில்லை. சின்னவனுக்கு டிபன் அவன் அப்பா கட்டுகிறார், மாமியார் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ். இந்தத் தடவை 8டி ரிப்போர்ட்டில் "தயாரித்தவர்" என்ற இடத்திலும் "விளக்குபவர்" என்ற இடத்திலும் என் பெயரை நானே டைப் செய்தேன், பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துவிட்டேன். பையன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, அந்த ஆளு ஹீட்டர் விஷயத்த நோண்டி நோண்டிக் கேப்பான்" என்றான். கேட்கட்டும், அந்த ஹீட்டரைக் கண்டுபிடித்ததே நான்தானே.